முதுகு திறந்த சட்டைகள்

ஈப்போவிலிருந்து திருப்பூருக்கு வருகிறவர்கள் உயிரோடிருப்பவர்களுக்கு ஆடை வாங்க வருகிறார்கள். நான் மற்றவர்களுக்காக வந்தேன்.

என் தொழிலை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். பாதியில் தெரிந்துகொண்டவர்கள், என்னோடு குலுக்கிய கையை இனி என்ன செய்வதென்று அறியாமல் தவிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மலேசியாவில், ஈப்போ நகரில், ஈமச்சேவை நிலையம் ஒன்றை நடத்துகிறேன். இறந்தோரைக் குளிப்பாட்டி, தலைவாரி, உடை உடுத்தி, வாழ்நாளில் அவர்களுக்கு வாய்க்காத சாந்தமான முகத்தோடு உறவினர் முன் கிடத்துவது என் வேலை. இளமையில் தமிழை முறையாகக் கற்றேன். அது இத்தொழிலுக்கு இடையூறாக இருந்ததில்லை. என் வாடிக்கையாளர்கள் நான் பேசும்போது குறுக்கிடுவதே கிடையாது.

விறைத்த உடலுக்குச் சட்டை அணிவிப்பது எளிதன்று. கை மடங்காது, தோள் திரும்பாது. ஆகவே சட்டையின் முதுகைக் கழுத்திலிருந்து கீழ்விளிம்புவரை கத்தரியால் வெட்டி, இரு பாதிகளையும் முன்புறமாக இரு கைகளிலும் ஏற்றி, ஓரங்களை உடலுக்கடியில் செருகிவிடுவோம். எதிரே நிற்பவருக்கு அது முழுச்சட்டை. சிக்கல் வெட்டும் ஒலியில்தான். சென்ற ஆண்டு ஓர் அம்மையார், கணவருக்காகத் தம் கையாலேயே தேய்த்த சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றார். கத்தரி ஓடியது. "என்னத்தைக் கிழிக்கிறீங்க?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "துணியைத்தானம்மா" என்றேன். அது பொய்யில்லை, ஆறுதலுமில்லை. தைக்கும்போதே முதுகு திறந்திருக்கும் சட்டைகள் வேண்டுமென்று அன்று முடிவு செய்தேன். விறைத்த கைக்கு நெகிழும் துணி வேண்டும். நெகிழும் துணி என்றால் பின்னலாடை. பின்னலாடை என்றால் திருப்பூர்.

முதல்நாள் காலை தொடர்வண்டியை விட்டு இறங்கியதும் நான் கேட்ட முதற்சொல் 'அர்ஜென்ட்'. ஆட்டோ ஓட்டுநர் கைப்பேசியில் அதைச் சொன்னார். அடுமனையில் தேநீர் ஆற்றியவரும் அதையே சொன்னார். தேங்காய் பன்னைக் கடித்துக்கொண்டு என்னருகே நின்ற இளைஞர், வாய் நிறைந்திருந்தமையால் கண்களாலேயே சொன்னார். நூல் அர்ஜென்ட், சாயம் அர்ஜென்ட், பொத்தான் அர்ஜென்ட். ஊர் முழுவதும் எதையோ பிடிக்க ஓடிக்கொண்டிருந்தது. முப்பதாண்டுகளாக அவசரமே இல்லாதவர்களோடு பழகியவனுக்கு இவ்வூர் வேற்றுக் கோளாகத் தோன்றியது. ஈப்போவில் தேநீர்க் குவளையை மேசையில் வைத்து ஆறவிடுவோம். இங்கே தேநீரைக் காத்திருக்க வைப்பது பாவம்போலும். நின்றபடி வாயில் ஊற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் முதலில் சென்றது பெரியதோர் ஏற்றுமதி நிறுவனத்திற்கு. பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு, முகப்பில் அயல்நாட்டுச் செடிகள். மாதிரி ஆடைகள் தொங்கிய அறையில் ஓர் இளம்பெண் கணினிமுன் அமர்ந்து என் தேவையைக் குறித்துக்கொண்டார். மிக்க மரியாதையுடையவர்.

"எண்ட் யூசர் யாருங்க சார்?"

"இறந்தவர்கள்."

விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு பயிற்சி வென்றது, மீண்டும் ஓடின.

"ஏஜ் குரூப்புங்க?"

"எல்லா வயதும்."

"சீசன்? சம்மருங்களா, விண்டருங்களா?"

"பருவம் பார்த்து வருவதில்லை."

"ரிப்பீட் ஆர்டர் இருக்குமுங்களா?"

"தவறாமல்."

"கஸ்டமர் ரிட்டர்ன் எப்படிங்க சார்?"

"இதுவரை ஒருவரும் திரும்பவில்லை."

அவர் முகம் மலர்ந்தது. இத்தகைய வாடிக்கையாளர்களை அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்பது தெரிந்தது. கடைசியாகத் துவைக்கும் முறையைச் சொல்லும் துணிச்சீட்டில் என்ன அச்சிடலாம் என்று கேட்டார். வெறுமையாக விடலாம் என்றேன். "காலியா விட்டா சிஸ்டம் எடுத்துக்காதுங்க சார்" என்று உண்மையாகவே வருந்தினார்.

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். கைகூப்பினார், கை நீட்டவில்லை. "தப்பா நெனைச்சுக்காதீங்க. நாங்க குடும்பமா தொழில் பண்றவங்க. அபசகுனமுங்க" என்றார். அவருடைய தலைக்குப் பின்னால், ஐரோப்பாவுக்குச் செல்லவிருந்த குழந்தைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் மார்பிலும் ஒரு மண்டையோடு. ஒன்றில் எலும்புக்கூடுகள் கைகோத்து நடனமாடின. நான் அவற்றைச் சுட்டிக்காட்டினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அது ஃபேஷனுங்க" என்றார்.

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். நான் அமர்ந்திருந்த நாற்காலியை இருவர் வெயிலுக்கு எடுத்துச் சென்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள் இன்னும் இரண்டு இடங்களில் இதே உபசாரம் கிடைத்தது. ஓரிடத்தில் சட்டையை 'மருத்துவ ஆடை' என்று அழைக்க நான் இசைந்தால் தைப்பதாகச் சொன்னார்கள். நோயாளி என்றால் நம்பிக்கை இருக்கிறதல்லவா என்றார் ஒருவர். என் வாடிக்கையாளருக்குப் பொய்யான நம்பிக்கை ஊட்டும் வழக்கம் எனக்கில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மாலையில் வேலம்பாளையம் பக்கம் சிறிய நிறுவனங்கள் உண்டென்று கேள்விப்பட்டுப் பேருந்தில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது வியப்பு. பக்கத்திலிருந்தவர் என் தோளில் சாய்ந்து உறங்கினார். வயது ஐம்பதைக் கடந்திருக்கும். வாய் திறந்திருந்தது. தாடை தொங்கிய விதம் எனக்குப் பழக்கமானது. மூச்சு தெரிகிறதா என்று பார்த்தேன். பேருந்தின் ஆட்டத்தில் தெரியவில்லை. என் இரு விரல்கள், என்னைக் கேளாமலே, அவர் கழுத்தின் பக்கவாட்டைத் தொட்டன.

அவர் துள்ளி எழுந்தார். "ஏனுங்க! கழுத்தப் புடிக்கறீங்க?"

பேருந்து முழுவதும் என்னைத் திருடன் என்று முடிவு செய்தது. பின்னிருக்கையிலிருந்த இரண்டு வடநாட்டு இளைஞர்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள்; பக்கத்திலிருந்தவர் பிற்பாடு எனக்கு அதை மொழிபெயர்த்தார். "சங்கிலிக்குக் கை வைத்தான்" என்றான் ஒருவன். "அவர் கழுத்தில் சங்கிலியே இல்லையே" என்றான் மற்றவன். "அதனால்தான் அகப்பட்டுக்கொண்டான்." மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நான் என்ன தொழில் செய்பவன், ஏன் தொட்டேன் என்பதைச் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் சற்று விலகிக்கொள்ள, எங்களுக்கு நல்ல காற்று கிடைத்தது. கழுத்துக்குரியவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னும் நேரம் வரலீங்க. கம்பெனியில மெஷினெல்லாம் சும்மா நிக்குது. அது ஓடறதப் பாத்துட்டுத்தான் போகோணும்."

அவர் பெயர் தங்கவேல். குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் உடைய குடும்பத்தவர். வேலம்பாளையத்தில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறார். தம் மகிழுந்து பட்டறையில் இருப்பதாகச் சொன்னார். அது பட்டறைக்காரருக்கே சொந்தமாகிவிட்டது என்பதை மறுநாள் வேறொருவர் சொல்லி அறிந்தேன். சிரித்து முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோயிற்று. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இருவரும் திரும்பி நடந்தோம். நடக்கும்போதே என் தேவையைச் சொன்னேன்.

"தச்சுத் தாரேனுங்க. வேலையில்லாம இருந்தா இருக்கற ஆளுகளும் வேற கம்பெனிக்குப் போயிருவாங்க. அப்பறம் பூட்டுத்தான் போடோணும். ஆனா ரெண்டு விசயமுங்க. ஒண்ணு, இது யாருக்குன்னு ஆளுககிட்ட மூச்சு விடக்கூடாது. பொணத்துச் சட்டைக் கம்பெனின்னு பேராயிருச்சுன்னா நாளைக்கு ஒரு கைக்குட்டை தைக்கக்கூட எவனும் தரமாட்டான். ரெண்டாவது, என் லேபிள் வெக்கமாட்டேன். கம்பெனி எங்கம்மா பேருங்க. அவங்க பேர அதுல வெக்க மனசு வராது."

அவருக்கு வேலை இல்லாவிட்டால் கம்பெனி போகும். வேலை இன்னதென்று தெரிந்தாலும் போகும். நான் வாய்திறப்பதில்லை என்று உறுதி கூறினேன். வாய்திறவாமை என் வாடிக்கையாளர்களிடம் நான் கற்ற பண்பு.

அடுத்த சில நாள்கள் அங்கேயே கழிந்தன. தகரக்கூரைக் கூடத்தில் மூன்று வரிசைத் தையல் இயந்திரங்கள். நெடுநாள் கழித்து அவை ஓடத் தொடங்கியபோது தங்கவேலின் முகத்தில் நிறம் திரும்பியதைப் பார்த்தேன். நிறம் போவதைத்தான் எனக்குப் பார்த்துப் பழக்கம். நிறம் போன பிறகு அதைப் பூசிக் கொண்டுவருவது என் வேலை. தானாகத் திரும்பிய நிறத்தை அன்றுதான் அருகிலிருந்து கண்டேன்.

இயந்திரத்தில் தைப்பவர்களுள் முதல்வர் இசக்கி. திருநெல்வேலிக்காரர், முப்பது வயது, ஓயாத பேச்சு. தைத்துவரும் ஆடையைச் சோதித்துப் பிசிறு வெட்டும் பகுதிக்கு ரோசலின் தலைவி. குன்னத்தூர்க்காரர், கணவரை இழந்தவர். தங்கவேலை 'அண்ணா' என்று அழைப்பார். அவ்வழைப்பில் மரியாதையும் கண்டிப்பும் சம அளவில் கலந்திருக்கும். நண்பகலில் அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றி எனக்கும் ஒரு தட்டு வைத்தார். ஈப்போவில் எங்கள் நிலையத்துச் சமையற்காரர் எதைச் சமைத்தாலும் அது ஈமச்சடங்குச் சோறாகவே சுவைக்கும். இந்தச் சோறு பசியோடு இருப்பவர்களுக்காகச் சமைத்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

"ஐயா என்ன தொழிலு?" என்று இசக்கி கேட்டார்.

"சேவை" என்றேன்.

"பாங்கியா?"

"ஏறத்தாழ. போட்டதை யாரும் திரும்ப எடுப்பதில்லை."

தங்கவேலுக்கு அப்போதே வியர்த்துவிட்டது. எதிர்க் கம்பெனி உரிமையாளர் கந்தசாமியும் சும்மா இருக்கவில்லை. அடுமனையில் தங்கவேலைக் காணும்போதெல்லாம், "என்னப்பா, வெள்ளை வெள்ளையா தைக்கறியாமா? எந்த நாட்டுக்குப் போகுது? சொல்லக்கூடாத நாடா?" என்று சீண்டுவார். தங்கவேல் தேநீரைச் சுடச்சுட விழுங்கிவிட்டு ஓடிவருவார்.

சட்டைகள் தயாராகவேண்டிய கடைசி நாளன்று என்னை அங்கே விட்டுவைப்பது ஆபத்தென்று கருதினாரோ என்னவோ, "வாங்க, காங்கேயம் மாட்டப் பாத்துட்டு வரலாம்" என்று துணி ஏற்றும் சிறுவண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். போகுமுன் இசக்கியிடம், "முதுகு ரெண்டு பாதியும் ஓரம் மடிச்சு அடிச்சாப் போதும். சேக்க வேண்டாம். அத நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

காங்கேயத்துக் காளைகள் அழகு. திமிலும் கொம்பும் தங்களுக்கே உரியவை என்று அவற்றுக்குத் தெரியும். எண்ணெய் ஆலைகளின் வெளியே தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய உறவினர் வீட்டில் ஒப்புட்டு என்னும் இனிப்புப் போளி கொடுத்தார்கள். தொண்டைக்குள் அது இறங்கும்வரை யாரும் தொழில் பேசவில்லை என்பதால் அவ்வீட்டை நான் மறவேன்.

திரும்பும் வழியில் ஓர் இறுதி ஊர்வலத்துக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டோம். பூச்சரங்கள் தொங்கும் ஊர்தி. ஒளிவிளக்குகள் வண்ணம் மாறி மாறி எரிந்தன. ஒலிபெருக்கி ஊரின் காதைக் கிழித்தது. பின்னால் நின்ற வண்டிகள் யாவும் விடாமல் ஒலியெழுப்பின. எங்களுக்குப் பக்கத்து மகிழுந்தில் ஒருவர் கைப்பேசியில், "டெத் ஒண்ணு குறுக்க போகுதுங்க. அஞ்சு நிமிசத்துல கிளியர் ஆயிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மரணத்தை இவ்வளவு துல்லியமாக மதிப்பிட்ட ஒருவரை நான் அதற்குமுன் சந்தித்ததில்லை. ஊர்தியில் இருந்தவரை எட்டிப் பார்த்தேன். விலையுயர்ந்த பட்டுச்சட்டை. தோள்பட்டையில் துணி சுருங்கியிருந்த விதத்தைக் கண்டதும் முதுகில் கத்தரி ஓடியிருக்கிறது என்று தெரிந்தது. அந்தச் சாலையில் நாங்கள் இருவர் மட்டுமே அவசரமின்றி இருந்தோம்: அவரும் நானும்.

கம்பெனிக்குள் நுழைந்தபோது கூடம் வழக்கத்திற்கு மாறாகப் பளிச்சென்று இருந்தது. சட்டைகள் அனைத்தும் தேய்த்து மடிக்கப்பட்டு அடுக்கடுக்காக நின்றன. ரோசலின் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்வந்தார்.

"அண்ணா, மானம் போயிருக்குமுங்க. எல்லாப் பீசுலயும் முதுகு தைக்காமயே வந்துருக்குது! நீங்க 'பாத்துக்கறேன்'னு சொன்னீங்களாமா. நீங்க பாத்துக்கறேன்னா மறந்துருவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? வெளிநாட்டுக்காரரு பாத்திருந்தா ஆர்டரையே தூக்கியெறிஞ்சிருப்பாரு. மதியச் சோத்துக்குக்கூட யாரும் எந்திரிக்கல. உக்காந்து அத்தனையும் தச்சுட்டோம்."

தங்கவேல் ஒரு சட்டையை விரித்தார். முதுகு, கழுத்திலிருந்து கீழ்விளிம்புவரை, நேரான, அழகான, அசைக்கமுடியாத தையலோடு மூடியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் சட்டையைப் பார்த்தேன். மறுநாள் காலையில் சரக்குந்து வரும்.

"ஏண்ணா, நல்லா வரலீங்களா?" என்றார் ரோசலின்.

"நல்லா வந்திருக்குதும்மா" என்றார் தங்கவேல். பிரிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பிரிக்காவிட்டால் சட்டைகள் எனக்குப் பயன்படா. அவர் ஓர் இயந்திரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்த இரும்பைப் பூட்டுக்குப் பின்னால் விட்டுச்செல்லும் நாளை அவர் கற்பனை செய்வது எனக்குத் தெரிந்தது. பிறகு, தலையசைத்து எனக்கு இசைவு தந்தார்.

நான் சொன்னேன். என் தொழில், கத்தரி, கதவுக்கு வெளியே நின்ற அம்மையார், எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மின்விசிறிகள் மட்டும் சுழன்றன.

தேய்ப்புப் பெட்டியின் அருகிலிருந்தவர் முதலில் அசைந்தார். மின்னிணைப்பைப் பிடுங்கினார், சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டார். "எங்கூட்டுல அடுத்த மாசம் கண்ணாலமுங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியேறினார். அவரைத் தங்கவேல் தடுக்கவில்லை.

"அப்பம் நான் இத்தன நாளும் பொணத்துக்கா தச்சேன்?" என்றார் இசக்கி. "அதான் அளவு சொல்லும்போது ஐயா வயித்துக்கு இடம் விடாண்டாம்னு சொன்னாரு!"

ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் என்னும் இளைஞர் இந்தியில் ஏதோ கேட்டார். தங்கவேல் மொழிபெயர்த்தார்: "பொதைப்பீங்களா, எரிப்பீங்களான்னு கேக்கறானுங்க."

"இரண்டும் உண்டு."

பிகாஷ் சற்று யோசித்து இன்னொன்று சொன்னார். தங்கவேல் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அப்போ டேமேஜுன்னு ஒரு பீசும் திரும்பி வராதான்னு கேக்கறான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். ரோசலின் சிரிக்கவில்லை.

"ஏனுங்ணா, எங்ககிட்டச் சொல்லியிருந்தா நான் தைக்கச் சொல்லியிருப்பனுங்களா? பயந்து ஓடிருவோம்னு நெனச்சீங்களா?" என்று தங்கவேலிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க ஊட்டுக்காரரு போனப்ப, கண்ணாலத்துக்கு எடுத்த சட்டையத்தான் போடச் சொன்னேன். நான் நிக்கறப்பவே கத்தரிய எடுத்து முதுகக் கிழிச்சாங்க. இத்தன வருசம் நான் செக்கிங்ல இருக்கறேன். எத்தனையோ பீசு டேமேஜுன்னு தூக்கிப் போட்டிருக்கறேன். அந்தச் சட்டைய மட்டும் ஒண்ணும் சொல்ல முடியல."

இடுப்பில் செருகியிருந்த சிறு நூல்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுக்கின்முன் உட்கார்ந்தார். நல்லவேளையாக ஒற்றையூசி இயந்திரத்தில் ஓட்டியிருந்தார்கள். ஓவர்லாக்கில் ஓட்டியிருந்தால் அதன் கத்தி துணியின் ஓரத்தைத் தின்றிருக்கும். நூலை ஓரிடத்தில் அறுத்து இழுத்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக இசக்கியும் வந்தார். "தச்சவனே பிரிக்கணும்னு எந்த ஊரு நியாயம் அண்ணாச்சி?" என்று முனகிக்கொண்டே அனைவரையும்விட விரைவாகப் பிரித்தார்.

முதற்சட்டை பிரிந்ததும் ரோசலின் எழுந்து நின்றார். "ட்ரையல் பாக்காம இந்தக் கம்பெனியில இருந்து ஒரு பீசும் போனதில்லீங்க. யாருக்காச்சும் போட்டுப் பாக்கோணும். படுக்க வெச்சு."

வழக்கமாக ஆண்களின் அளவுக்கு இசக்கிதான் நிற்பார். இப்போது அவர் கதவருகே இருந்தார். "நான் மாட்டேம்மா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல." பிகாஷ் கழிவறைக்குப் போய்விட்டார். எல்லாரும் தங்கவேலைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, இயல்பாகவே, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

துணி வெட்டும் நீண்ட மேசையில் ஏறிப் படுத்தேன்.

"கண்ண மூடிக்குங்க சாமி. தொறந்திருந்தா எனக்குக் கை வராது" என்றார் ரோசலின். மூடிக்கொண்டேன். "கையத் தூக்கித் தராதீங்க. அவங்க தரமாட்டாங்கள்ல?"

நான் ஆயிரக்கணக்கானவர்களுக்கு உடுத்தியிருக்கிறேன். எனக்கு எவரும் உடுத்தியதில்லை. நினைவு தெரிந்த நாள்முதல் இல்லை. மேசை குளிர்ந்திருந்தது. யாரோ என் கையை எடுத்தார்கள். அது எவ்வளவு கனமானது என்பதை, என் கையின் கனத்தை, மற்றவர் தூக்கியபோதுதான் அறிந்தேன். தலைக்குமேல் பேச்சு நடந்தது. நான் அங்கே இல்லாததுபோல்.

"தோள் பரவால்லீங்க. தொப்பைதான் எச்சு."

"கீழ இழுத்து வுடும்மா, மறைஞ்சிரும்."

"இந்த மனுசன் செத்தாலும் ஒத்துழைக்க மாட்டாரு போலயே" என்றார் கதவருகிலிருந்த இசக்கி.

துணியின் இரு ஓரங்களும் என் விலாவுக்கடியில் செருகப்பட்டன. நான் அதை வேகமாகச் செய்பவன். வேகமே திறமை என்று நினைத்திருந்தவன். ரோசலின் மெதுவாகச் செய்தார். உள்ளங்கையை உடலுக்கும் மேசைக்கும் நடுவில் வைத்து, துணியில் ஒரு சுருக்கமும் தங்காதபடி நீவி, பிறகுதான் கையை எடுத்தார். கழுத்துப் பொத்தானை மாட்டினார். அது இறுக்குகிறதா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். இறந்தவனுக்கு மூச்சு முட்டுமோ என்று பார்த்த முதல் ஆளை அன்று சந்தித்தேன்.

"கை மட்டும் கொஞ்சம் டைட்டுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். "இந்தத் தடவை போகட்டும், நெகிழ்ற துணிதானுங்களே. அடுத்த தடவை லூசு குடுத்துறலாம்."

'அடுத்த தடவை' என்ற சொல்லைக் கேட்டு நான் கண்ணைத் திறந்தேன். தங்கவேல் என் கழுத்துப்பட்டையை உள்ளே மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லேபிள் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"லேபிள் இல்லீனா ரோட்டுக்கடைச் சரக்கு மாதிரி இருக்குதுங்ணா" என்றார் ரோசலின்.

தங்கவேல் உள்ளறைக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பினார். அதன்மேலிருந்த தூசியை ஊதினார். "எங்கம்மாவுக்குக் கடைசியாப் போத்துனது கூடக் கடையில வாங்குனதுதானுங்க. இத்தன மெஷின் வெச்சிருந்தும் நான் தச்சதுன்னு ஒண்ணும் அவங்க மேல இல்ல" என்றார். பெட்டியை இசக்கியின் இயந்திரத்தின்மேல் வைத்தார். "எல்லாத்துலயும் வெய்யி."

மறுநாள் காலை சரக்குந்து வந்தது, போயிற்று. அடுமனையில் நாங்கள் தேநீர் குடிக்கச் சென்றபோது ஊருக்குச் செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. தேய்ப்புக்காரர் வாயைத் தேய்த்து மடித்து வைத்திருக்கவில்லை. கந்தசாமி மேசையருகில் காத்திருந்தார். தங்கவேல் நிமிர்ந்து நின்றார். எதற்கும் தயாராக நிற்பவனின் நிமிர்வு அது.

"பொணத்துச் சட்டையாமா?" என்றார் கந்தசாமி, ஊருக்கே கேட்கும்படி.

"ஆமா" என்றார் தங்கவேல்.

கந்தசாமி ஒரு கடிப்பில் பன்னைப் பாதியாக்கினார். அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "எப்பவும் ஆர்டர் இருக்குமாமா? எல்லா சீசனுமா? நீ ஒருத்தனா தச்சா முடியாதுப்பா. பாதிய எனக்கு ஜாப் ஒர்க் குடுத்துரு. எங்க ஆளுக பயப்படமாட்டாங்க."

தங்கவேல் அன்று தேநீரை முதன்முறையாக ஆறவைத்துக் குடித்தார்.

ஒப்புதல் பெற்ற மாதிரிச் சட்டையை என் பைக்குள் வைத்துக்கொண்டு நாடு திரும்பினேன். அளவு எழுதவேண்டிய அட்டையில் 'ஐயா சைஸ்' என்று ரோசலின் எழுதியிருந்தார். விமான நிலையத்தில் சுங்க அதிகாரியான மலாய் இளைஞர் ஒருவர் பையைத் திறந்தார், சட்டையை விரித்தார், அதன் முதுகு வழியே என்னைப் பார்த்தார்.

"இது கிழிந்திருக்கிறதே, ஐயா."

"இல்லை. அப்படித்தான் தைக்கச் சொன்னேன்."

கழுத்தை மடித்து லேபிளைப் படித்தார். "பா...வாத்...தாள். யார், வடிவமைப்பாளரா?"

"முதலாளியின் தாயார்."

"உங்களுக்கா?"

இத்தனை ஆண்டுகளாக இக்கேள்விக்கு நான் அடுத்தவர் பெயரைத்தான் சொல்லிவந்திருக்கிறேன். "ஆம், எனக்குத்தான்" என்றேன்.

"சரியாக இருக்கிறதா?"

"போட்டுப் பார்த்தேன். கைதான் சற்று இறுக்கம். அடுத்த முறை தளர்த்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கொன்றும் அவசரமில்லை."